விட்டதற்கு மதிப்பெண்

ஜினேந்திரன் பொதுக் காரியத்தில் மாட்டிக்கொண்டதற்கு இரண்டு எழுத்துப் பிழைகள் காரணம்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த மாதத்தில் செஞ்சியைச் சுற்றியிருக்கும் மூன்று மலைகளும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஊர்மேல் விடும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், தன் வீட்டு மதிலில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்த பச்சை நோட்டீசை அவர் படித்தார். 'மரம் வளற்போம், மழை பெருவோம். இவண், செஞ்சி கோடைப் பசுமைப் பேரவை.'

முப்பத்தொரு வருடம் திண்டிவனத்து அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தும் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் நகரவில்லை. 'வளற்போம்' என்ற சொல் மதிலைத் துளைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு 'வளர்ப்போம்' என்று திருத்தினார். 'பெரு'வைப் 'பெறு' ஆக்கினார். பேனாவை மூடும்போது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

பைக்கில் இருந்தவர் ரங்கநாதன். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பசுமைப் பேரவையின் தலைவர்.

"இன்னா நயினாரே, நோட்டீசுல இன்னா பண்றீங்க?"

சமணக் குடும்பத்தாரை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். நயினாருக்கு ஒரு குணம் உண்டு. யாராவது கேள்வி கேட்டால் அது அவருக்குள் அடிமட்டம் வரை இறங்கித் தரையைத் தொட்ட பிறகுதான் பதிலாக மேலே வரும். அதற்குள் கேட்டவர் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார், அல்லது பதிலைத் தானே முடிவு செய்திருப்பார். ரங்கநாதன் இரண்டாவது ரகம்.

"புரியுது, புரியுது. எவனுமே படிக்காத நோட்டீச ஒரு மனுசன் செவப்பு இங்க்ல கோடு போட்டுப் படிக்கிறான்னா, அவனுக்குள்ள எவ்ளோ பசுமை இருக்கணும்! நாளைக்குப் பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுங்க. இனிமே நீங்க செயற்குழு."

"இல்லீங்க, நான் வந்து" என்ற பதில் மேலே வந்து சேர்ந்தபோது பைக் தெருமுனை திரும்பியிருந்தது.

"போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி பத்மினி. "இங்க உக்காந்து செவுத்தப் பாக்கறத அங்க உக்காந்து பாருங்க. அங்கயாவது ஏசி இருக்குது."

நிஜமாகவே இருந்தது. எட்டு ஏசி, எட்டும் ஓடின. செயற்குழுவில் ஒன்பது பேர். ஒவ்வொருவர் முன்னாலும் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஜினேந்திரன் அதையும் அச்சுப்பிழை என்றே எடுத்துக்கொண்டார்.

செயலாளர் நெடுமாறன் எழுந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேடையில் அச்சுத் தமிழில் பேசக்கூடியவர். நான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"நண்பர்களே, பசுமை என்பது என்ன? தியாகம். தியாகம் என்பது என்ன? விடுவது. ஆகவே நம் படிவம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. முன்னே எதை வைத்திருந்தீர்கள், இப்போது எதை விட்டீர்கள்? விட்டதற்கு மதிப்பெண். உதாரணம், நம் தலைவர். போன கோடையில் எட்டு ஏசியையும் பதினெட்டு டிகிரியில் ஓட்டினார். இந்தக் கோடையில் இருபத்துநான்கு. ஒரு ஏசிக்கு ஆறு டிகிரி. எட்டுக்கு நாற்பத்தெட்டு மதிப்பெண்!"

எல்லோரும் கை தட்டினார்கள். ரங்கநாதன் எழுந்து கும்பிட்டார்.

"இதெல்லாம் ஒரு பெரிய விசயமா? மண்டபத்துக்கு வர்ற நம்ம பசங்க வேர்க்குதுன்னு சொல்லுதுங்க. நாட்டுக்காகத் தாங்கிக்கங்கடான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஏசியே இல்லாதவர்களுக்கு என்ன என்று ஜினேந்திரனுக்குக் கேட்கத் தோன்றியது. கேள்வி பாதி வழி வந்துகொண்டிருந்தபோது நெடுமாறனே சொல்லிவிட்டார்.

"ஏசியே இல்லாதவர் என்ன செய்வார் என்று சிலர் கேட்கக்கூடும். நானும் யோசித்தேன். தியாகத்தை அளக்கலாம். இல்லாமையை எப்படி அளப்பது? பூஜ்யத்திலிருந்து எதை விட முடியும்? ஒன்றுமே இல்லாமல் பசுமையாக இருப்பது சோம்பேறித்தனம். அதற்கு மதிப்பெண் கொடுத்தால் உழைத்து, சம்பாதித்து, வாங்கி, விடுகிறவனுக்கு என்ன மரியாதை?"

கையெழுத்து அழகாக இருப்பதால் காந்தி பஜாரை ஒட்டிய ஆறு தெருக்களின் கணக்கெடுப்பை ஜினேந்திரனிடம் கொடுத்தார்கள். அதற்கும் அவர் மறுப்புச் சொல்லத்தான் இருந்தார்.

முதலில் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார்.

"ராத்திரி சமையலுக்கு வெளக்கு எரிக்கறதக் கொறச்சியா?"

"நாம என்னிக்கி ராத்திரில சமைச்சோம்? பொழுதோட சாப்ட்டுட்டுத்தானே எழுந்திருக்கறோம். தலமொற தலமொறயா அதானே வழக்கம்?"

"தலமொறைக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல. போன வருசம் எரிச்சியா?"

"இல்ல."

"பூஜ்யம். பாட்டில் தண்ணிய விட்டியா?"

"துணியில வடிகட்டின தண்ணியத் தவிர வேற குடிச்சிருக்கமா?"

"பூஜ்யம்."

வீட்டில் ஒரே ஒரு ஏசி இருந்தது. பெங்களூரிலிருக்கும் மகள் அனந்தி வாங்கி மாட்டியது. இரண்டு வருடமாக ஓடவில்லை. அது விட்டதா, விடப்பட்டதா என்று ஜினேந்திரன் வெகுநேரம் யோசித்தார். செய்வினையா செயப்பாட்டுவினையா என்று முடிவாகாததால் கட்டத்தைக் காலியாக விட்டார்.

தெருமுனையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் ஜெயக்கொடியின் இஸ்திரி வண்டி. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நிற்கிறது. கொட்டாங்குச்சிக் கரி போட்ட பித்தளைப் பெட்டி. காலை எட்டு மணிக்குப் பற்றவைத்தால் சாயங்காலம் வரை அவள் அந்தப் பெட்டிக்கும் வெயிலுக்கும் நடுவில் நிற்பாள். நடுவே புங்கமரம் இருப்பதால்தான் நிற்க முடிந்தது.

"ஏசி?" என்று கேட்டார் ஜினேந்திரன்.

"ஏன் நயினாரே, பொழுது போவலியா?"

"வண்டி வாகனம்?"

"தோ நிக்கிது பாருங்க, தள்ளுவண்டி."

"அத விட்டீங்களா?"

"வுட்டா உருண்டுபோயி திருவண்ணாமல பஸ்ஸுல இடிக்கும்."

"பிளாஸ்டிக் பை?"

"வேட்டியில மூட்டகட்டி எடுத்தாறாங்க. அதே வேட்டியில கட்டிக் குடுக்கறன்."

"எதையாவது விட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

ஜெயக்கொடி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். "புருசன வுட்டன். அதாச்சி பதினாலு வருசம்."

"போன வருசம் வெச்சிருந்து இந்த வருசம் விட்டதுதான் கணக்கு."

"அப்டினா இல்ல. பதினாலு வருசமும் நிம்மதியாத்தான் இருக்கறன்."

ஜினேந்திரன் அழகான கையெழுத்தில் பூஜ்யம் போட்டார். அந்தப் பூஜ்யம் அவ்வளவு வட்டமாக வந்ததில் அவருக்கு ஒரு கணம் திருப்திகூட இருந்தது. பின்னால் அதை நினைத்து வெட்கப்பட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் நெடுமாறன் முடிவுகளை வாசித்தார். ஆறு தெருவிலும் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வாங்கியது ஜெயக்கொடி ஒருத்திதான். ஜினேந்திரன் வீட்டில் காலியாக விட்ட கட்டம் 'பரிசீலனையில்' என்று ஆகியிருந்தது.

"எங்கே பசுமை இல்லையோ அங்கேதான் விழிப்புணர்வு தேவை" என்றார் நெடுமாறன். "ஆகவே அந்தப் புங்கமரத்தடியில் 'பசுமை முனை' அமைக்கலாம். பிளாஸ்டிக் புல் விரிப்பு. சிமெண்ட் மான் இரண்டு. பொதுமக்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பச்சை வளைவு. இஸ்திரி வண்டி அப்புறப்படுத்தப்படும். தவிர, அந்த அம்மையார் கரி எரிக்கிறார். கரி என்றால் கார்பன். ஆட்சேபணை உண்டா?"

நிழல் போய்விட்டால் அந்தப் பெட்டியோடு அவளால் அரை மணி நேரம் நிற்க முடியாது என்று ஜினேந்திரனுக்குத் தெரியும். பஜாரில் வேறு மரமும் கிடையாது. ஆட்சேபணை அவருக்குள் கிளம்பியது. நெஞ்சைத் தாண்டியது. தொண்டைக்கு வந்தபோது நெடுமாறன் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டார். அடுத்து டீ வந்தது. ஜினேந்திரன் குடித்தார். நினைக்க நினைக்க அந்த டீதான் அவரைச் சுட்டது. நன்றாக வேறு இருந்தது.

"வைகாசி முதல் வாரம் மறு கணக்கெடுப்பு உண்டு" என்று நெடுமாறன் கடைசியில் சேர்த்துக்கொண்டார். "அதற்குள் யாரேனும் பசுமையடைந்தால் தீர்மானம் மறுபரிசீலிக்கப்படும். இறுதி மதிப்பெண்ணை அறிவிக்காமல் யாருடைய இடத்தையும் எடுக்கக் கூடாது என்று விதியும் எழுதியிருக்கிறேன்."

மறுநாள் இஸ்திரிக்குச் சட்டை கொண்டுபோனபோது ஜினேந்திரன் விஷயத்தைச் சொன்னார்.

"இத்த அவங்க பேசும்போது நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?" என்றாள் ஜெயக்கொடி.

"இருந்தேன்."

"இன்னா சொன்னீங்க?"

ஜினேந்திரன் மரத்தைப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் காலரை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள்.

"செரி வுடுங்க. அதுக்காச்சும் உங்களுக்கு எதனா மார்க்கு குடுப்பாங்க."

இதற்குள் ஊருக்குப் படிவத்தின் நுட்பம் பிடிபட்டுவிட்டது. விடுவதற்கு முதலில் வைத்திருக்க வேண்டும். டீக்கடை பச்சைமுத்து பதினோரு வருடமாகக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தவர். ஒரு வாரம் பிளாஸ்டிக் கப்புக்கு மாறினார். எட்டாம் நாள் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டதாகக் கடை வாசலில் பேனர் கட்டினார், பிளாஸ்டிக் பேனர். சந்தைக்குக் கூடை எடுத்துப் போகிற பெண்கள் கூடையைப் பரணில் போட்டுவிட்டுக் காய்க்கொரு கேரி பேக் கேட்டார்கள். வல்லத்துக்காரர் ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, புகை கக்குகிற டீசல் ஜீப் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தார். மறு கணக்கெடுப்பன்று அதை விடப்போவதாகவும் அதுவரை மூச்சடக்கித் தன்னைப் பொறுத்துக்கொள்ளும்படியும் தெருக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். ஏசி மெக்கானிக் பார்த்திபன் கடையில் செத்த ஏசிகளுக்கு வரிசை நின்றது. ஓடாத ஏசியை மாட்டுவதற்கு முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது.

செஞ்சியின் குப்பை பதினைந்து நாளில் இரண்டு பங்கு ஆனது. நெடுமாறன் பூரித்துப்போனார். "பாருங்கள், விடுவதற்கு நம் மக்களிடம் எவ்வளவு இருக்கிறது!"

"நம்ம ஏசியும் சும்மாத்தானே கெடக்குது" என்றாள் பத்மினி ஒரு காலையில். "அத ஜெயக்கொடி வண்டில மாட்டினா இன்னா?"

ஜினேந்திரனிடமிருந்து அன்றைக்கு ஏனோ உடனே பதில் வந்தது. "அது பொய்யாச்சே."

"எட்டு ஏசிக்கு நடுவுல உக்காந்து டீ குடிச்சிட்டு வந்தது?"

அவர் எழுந்துபோய் ஏசியின் ஒரு முனையைப் பிடித்தார்.

பார்த்திபன் வந்து இஸ்திரி வண்டியின் மூங்கில் கால்களில் ஏசியைக் கட்டினான். ஒயரின் மறுமுனைக்குப் போக இடமில்லாததால் அதைப் புங்கமரக் கிளையில் முடிந்துவிட்டான். ஜெயக்கொடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இன்னா அண்ணே இது, காத்தே வராதா?"

"வந்தா எப்டிம்மா வுடுவ?" என்றான் பார்த்திபன்.

மறு கணக்கெடுப்புக்கு நெடுமாறனே நேரில் வந்தார். படிவம் ஜினேந்திரன் கையில் இருந்தது.

"வண்டியில் ஏசியா?" என்றார் நெடுமாறன்.

"கரிப்பொட்டி சூடு தாங்கலீங்க" என்றாள் ஜெயக்கொடி, பத்மினி சொல்லிக்கொடுத்தபடி.

"எத்தனை டிகிரியில் வைத்திருந்தீர்கள்?"

"பதினெட்டுங்க."

"இப்போது?"

"வுட்டுட்டங்க. தொடறதே இல்ல."

நெடுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிழலிலேயே அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி. "பதினெட்டிலிருந்து நாற்பத்திரண்டுக்குத் தன்னை உயர்த்திக்கொண்டிருக்கிறார்" என்றார் கரகரத்த குரலில். "இருபத்துநான்கு டிகிரி! திறந்தவெளி என்பதால் இரட்டிப்பு. நாற்பத்தெட்டு. சாலையோரத் தொழிலுக்குச் சலுகை இரண்டு. மொத்தம் ஐம்பது."

தலைவருக்கே நாற்பத்தெட்டுதான். ஜெயக்கொடி ஊரிலேயே முதலிடம். ஜினேந்திரன் தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி, வீடு வரை கைவீசி நடந்துபோனார். பேரவையை வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார். வென்றவர்களைப் பேரவை என்ன செய்யும் என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

பரிசளிப்பு விழா புங்கமரத்தடியிலேயே, காலை பதினோரு மணிக்கு. மைக்குக்கும் மேடை ஃபேனுக்கும் ஜெனரேட்டர் புகைந்தது. இஸ்திரி வண்டியை ஓரமாகத் தள்ளி, அது இருந்த இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். ரங்கநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த அம்மா இருவத்திரெண்டு வருசமா இதே எடத்துல கரிய எரிச்சி சுற்றுச்சூழலக் கெடுத்துக்கினு இருந்தாங்க. நம்ம படிவம் வந்திச்சி. பத்தே நாள்ல ஏசி வாங்கற அளவுக்கு முன்னேறுனாங்க. அதயும் வுடற அளவுக்கு ஒசந்தாங்க! இப்பேர்ப்பட்டவங்க நின்ன எடத்த நாம சும்மா வுடலாமா? இங்க ஒரு நினைவிடம் வரப்போவுது. சுத்தி இரும்பு வேலி. நடுவுல கல்வெட்டு, அதுல அம்மா பேரு, அதுக்கு மேல என் பேரு. இந்த எடத்தையே அம்மா மனசார வுடறாங்க. அதுக்கு மட்டும் நூறு மார்க்கு! யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதா?"

ஜினேந்திரன் மேடையில் ஓரத்து நாற்காலியில் இருந்தார். இந்தத் தடவை அவருக்குக் காலதாமதம் ஆகவில்லை. போன கூட்டத்தின் ஆட்சேபணைதான் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்ததே.

"எனக்கு இருக்குது" என்று எழுந்தார். "அந்த அம்மா எதையும் விடல. அவங்ககிட்ட விடறதுக்கு இருக்கறது இந்த நெழல் ஒண்ணுதான். அந்த ஏசி எங்க ஊட்டுது. அது ஓடவே ஓடாது. அந்தப் பூஜ்யத்தப் போட்டவன் நான். தப்பு என்னோடது."

ஜெனரேட்டர் மட்டும் பேசியது. நெடுமாறன் படிவத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பி, 'இதர விட்டவை' என்ற கட்டத்தில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது.

"நண்பர்களே! நம் செயற்குழு உறுப்பினர், இத்தனை நாள் கட்டிக்காத்த மௌனத்தை இந்த மேடையில் விட்டிருக்கிறார். பத்து மதிப்பெண்!"

கைதட்டல் எழுந்தது. யாரோ ஓடிவந்து ஜினேந்திரனுக்கு ஜரிகை போட்ட பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. ஆனால் பொன்னாடைக்குள்ளிருந்து ஆட்சேபிப்பது கடினம் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டார். கீழே முதல் வரிசையில் பத்மினி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"முப்பத்தாறு வருசத்துல ஊட்ல ஒரு நாளும் அந்தப் பத்து மார்க்க வாங்கல."

ஜெயக்கொடி மேடை ஏறினாள். அவளுக்கும் பொன்னாடை வந்தது. அதை வாங்காமல் மைக்கை வாங்கினாள்.

"எடத்த வுட்டா நூறு மார்க்கா சார்?"

"ஆமாம் அம்மா" என்றார் நெடுமாறன்.

"இப்ப எங்கிட்ட எவ்ளோ இருக்குது?"

"ஐம்பது."

"எடத்த வுடல. அந்த அம்பது மார்க்க வுட்டுட்டன். எழுதிக்குங்க."

நெடுமாறன் பென்சிலை எடுத்தார். "மதிப்பெண்ணை விட்டதும் தியாகம்தான். விட்ட ஐம்பதுக்கு ஐம்பது வரும் அம்மா. ஆக, உங்களிடம் மறுபடி ஐம்பது."

"அதயும் வுட்டுட்டன்."

"அதற்கும் ஐம்பது..."

"அதயும்."

நெடுமாறன் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினார், அடித்தார், மறுபடி எழுதினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த முகத்தில் முதல்முறையாக ஒரு நிஜமான சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இறுதி மதிப்பெண் அறிவிக்காமல் யாருடைய இடத்தையும் எடுக்கக் கூடாது என்பது அவரே எழுதிய விதி.

"யோவ், முடிவு இன்னாய்யா?" என்றார் ரங்கநாதன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முடிவே இல்லை தலைவரே. முடிவிலி."

"அத மைக்குல எப்டிய்யா சொல்றது?"

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து மைக் அணைந்தது, ஃபேன் நின்றது. கல்வெட்டு விஷயத்தை ஆராய மூவர் குழு அமைக்கப்படும், அதன் அறிக்கை அடுத்த கோடையில் வரும், அதுவரை உள்ளது உள்ளபடி இருக்கும் என்று நெடுமாறன் முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி அறிவித்தார். கூட்டம் கலைந்து பச்சைமுத்து கடைப்பக்கம் நகர்ந்தது. பார்த்திபனும் இன்னும் இரண்டு பேரும் மேடைப் பலகைகளைப் பிரித்தார்கள். ஜெயக்கொடி வண்டியை மரத்தடிக்குத் தள்ளிவந்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள். கரியைப் பற்றவைத்து விசிறினாள்.

ஜினேந்திரன் பொன்னாடையோடு பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அந்தத் துணியக் குடுங்க நயினாரே" என்றாள் அவள். "பொட்டி புடிக்கற துணிய மேட போட்டவன் எங்கயோ தொலச்சிட்டான்."

ஒருவழியாகத் தன்னால் ஒரு உபயோகம் என்று அவர் அவசரமாகக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பாலியஸ்டரு. சூடு பட்டா உருகி கையில ஒட்டிக்கும்" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.